கதை விடுங்கள், படம் எடுங்கள்

மயிலாப்பூரில் இடிக்கப்போகிற ஒரு பழைய பங்களாவின் வாசலில் அந்தப் பலகையை மாட்டியது நான்தான். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. இங்கே ஒரு கதையை விட்டுவிட்டுப் போங்கள், பதிலுக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்பது ஆங்கில வரியின் பொருள் என்று மேடம் சொன்னார். தமிழ் வரியைக் கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தது. 'கதை விடுங்கள், படம் எடுங்கள்.'

ஏணியில் நின்றபடியே சொன்னேன். "மேடம், கதை விடுறதுன்னா புளுகுறது."

மேடம் தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். "புளுகும் ஒரு கதைதானே? ரெண்டு அர்த்தம் வந்தா இன்னும் நல்லது. மாட்டுங்க."

மாட்டினேன். எட்டாவதோடு நின்றவன், வெளிநாட்டில் கலை படித்து வந்தவரோடு ஏணியில் நின்றுகொண்டு வாதாட முடியாது. கால் கடுக்கும்.

அதற்கு முன்னால் கொட்டிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு வாட்ச்மேனாக இருந்தேன். வீட்டுக்காரர் குடிவந்ததும் வாட்ச்மேன் தேவைப்படவில்லை. அதற்கும் முன்னால் கே.கே. நகர் மெஸ் ஒன்றில் இலை எடுத்தேன். தி. நகர் துணிக்கடை ஒன்றில், பெண்கள் விரித்துப் போட்டுவிட்டுப் போகிற சேலைகளை மடித்தேன். ஒரு வேலையிலும் எனக்குக் கால் தரிக்காது. கொட்டிவாக்கத்துக்காரர்தான், "என் சிநேகிதி ஒருத்தங்க கண்காட்சி வைக்கிறாங்க, மூட்டை தூக்க ஆள் வேணுமாம்" என்று அனுப்பிவைத்தார். அந்தச் சிநேகிதிதான் மேடம். அடையாறுக்காரர். கைத்தறிச் சேலைக்கு ஆண்கள் சட்டையை ரவிக்கையாகப் போட்டுக்கொள்வார். நல்ல மனுஷி. டீ வந்தால் முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டுவார். "இங்க முதலாளி, தொழிலாளி கிடையாது. எல்லாரும் கூட்டுப் படைப்பாளிகள்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். மூட்டைகளை மாடிக்கு ஏற்றிய கூட்டுப் படைப்பாளி நான் ஒருவன்தான்.

மூட்டைகளில் இருந்தவை புகைப்படங்கள். மூடிப்போன ஸ்டுடியோக்களிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போனவை. யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத கல்யாணங்கள், காதுகுத்துகள், பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நின்ற குடும்பங்கள். அறை அறையாகக் கம்பி கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் அவற்றைத் தொங்கவிட்டோம். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் அதை அழிக்கச் சொன்னார் மேடம். இவை 'கண்டெடுத்த படங்கள்' என்றார். தொலைத்தவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை.

வருகிறவர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் படத்துக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நான் அதை ஓர் அட்டையில் எழுதுவேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து கையெழுத்து. அட்டை படம் இருந்த இடத்தில் தொங்கும், படம் கதை சொன்னவரோடு போகும். இதில் ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவரே வந்து கதை சொல்லிப் படத்தை வாங்கிக்கொள்ள முடியாது. "அந்நியருக்கும் அந்நியருக்கும் நடுவுலதான் பரிமாற்றம் நடக்கணும். சொந்தப் படத்துக்கு நம்மகிட்ட கதை இருக்காது, ஞாபகம்தான் இருக்கும்" என்றார் மேடம். மூடிப்போன ஸ்டுடியோவில் விட்டுப்போன படத்தைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள் என்று நானும் தலையாட்டினேன்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, சுவருக்கு முன்னால் நின்று கைப்பேசியில் தங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகை சொன்னபடிதான் செய்தார்கள். அப்புறம் விஷயம் பரவியது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் கதை விட்டால் படம் தருகிறார்களாம் என்று கூட்டம் வர ஆரம்பித்தது. தமிழ் வரியை நம்பி வந்தவர்கள் மனசாட்சிப்படி புளுகினார்கள். மேடம் ஆங்கில வரியை நம்பி, ஒவ்வோர் அட்டையையும் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சேலை மடித்த தி. நகர் கடையின் முதலாளியும் வந்தார். தெற்கேயிருந்து வந்து இங்கே பெரிய கடை வைத்தவர். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னலே, ஒனக்கு இங்க என்ன சோலி?"

"கதை எழுதுறேன் அண்ணாச்சி."

"அது சரி. சேலையே ஒனக்கு நேரா மடிக்க வராது."

அவர் தேர்ந்தெடுத்தது, தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் படம். "எங்க தாத்தாலே. எழுதிக்க. தலைச்சுமையாத் துணி கொண்டு போயி ஊர் ஊரா வித்தவரு. காலுக்குச் செருப்பு கெடையாது. வெயில்ல அப்படியே நடப்பாரு."

செருப்பு கிடையாது என்று எழுதிக்கொண்டே படத்தைப் பார்த்தேன். பெரியவர் காலில் பளபளவென்று பூட்ஸ். அண்ணாச்சியும் பார்த்தார்.

"அது பொறவு வாங்குனது" என்றார்.

அந்த அட்டையை மேடம் தனியாக ஒரு சுவரில் மாட்டினார். உழைப்பின் வரலாறு என்று அந்தச் சுவருக்குப் பெயரும் வைத்தார். அண்ணாச்சியின் புதுக் கிளைக்குப் பிறகொரு நாள் போனேன். கல்லாவுக்கு மேலே சந்தன மாலையோடு அந்தப் பெரியவர், கீழே 'நிறுவனர்' என்று எழுதி. பூட்ஸ் வரைக்கும் சட்டத்துக்குள் வராதபடி வெட்டியிருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது படங்கள் குறைந்துவிட்டன என்று மேடம் இன்னொரு மூட்டையைப் பிரித்தார். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், நடுக்கூடத்தில் புதிதாக ஒரு படம். பட்டினப்பாக்கம் ரோட்டோர மீன்கடை. சிவப்பு ரவிக்கை, தோளில் துண்டு. கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாள் ஒரு பெண். வயது இப்போதைவிடக் குறைவு, உடம்பு இப்போதைவிடப் பருமன். ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் குடியிருந்த வீட்டு அக்கா.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவள் வீட்டு முன்பக்கத் தடுப்பில் நான் இருந்தேன். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் என்பதால் படுக்கும்போது தலை எந்தப் பக்கம் என்று பார்த்துப் படுக்க வேண்டும், மற்றபடி வசதியான இடம். அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனபின் படகில் இருந்த பங்கும் போய்விட்டது. ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் முதல் இல்லை. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள், ஆனால் சுத்த சைவமாக இருக்க வேண்டுமாம் என்று அங்கே பாத்திரம் தேய்க்கிறவள் சொல்லியிருக்கிறாள். அக்கா போய் நின்றாள். கும்பகோணம் பக்கம், தாத்தா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர், முட்டை உடைகிற சத்தம்கூடக் கேட்டதில்லை என்று சொன்னாள். வத்தக்குழம்பு, ரசவாங்கி, மோர்க்கூட்டு எல்லாம் கைப்பேசியில் சமையல் வீடியோ பார்த்துக் கற்றவை. அந்த வீட்டுப் பேச்சையும் அதே வீடியோக்களில்தான் கற்றாள்.

சாந்தோம் ரோட்டைத் தாண்டும் வரை 'இன்னா', தாண்டியதும் 'என்ன மாமி'. ஒரே ஒரு தடவை சறுக்கியிருக்கிறது. சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "உப்பு சரியா கீது" என்று வாயில் வந்துவிட்டது. கூடத்திலிருந்து அந்த வீட்டு மாமி, "என்னது, என்ன சொன்னே?" என்றாள். "கீதை மாமி. கீதையை நெனச்சுண்டே கிளறிண்டிருந்தேன்." மாமிக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

பகல் முழுக்க அங்கே சமைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன் ஆய்வாள். அவள் செய்த இரண்டு சமையலையும் சாப்பிட்டவன் நான். குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

இந்தப் படத்தை மாமி பார்த்தால் அக்காவின் வேலை அன்றைக்கே போய்விடும். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. பங்களா மாமியின் அத்தானுடையது. கண்காட்சியின் கடைசி நாள் மாலை விருந்தினர்கள் வருவார்கள், பட்சணம் மாமி வீட்டிலிருந்து போக வேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டிருந்தது. நானே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாமென்றால், ஒவ்வொரு படத்தையும் மேடம் எண் போட்டுப் பதிந்து வைத்திருந்தார். போதாததற்கு அந்தப் படத்தின் முன்னால்தான் பாதி நேரம் நின்றுகொண்டிருந்தார். "இந்தச் சிரிப்பைப் பாருங்க. கேமராவுக்காகச் சிரிக்கல" என்று எல்லோரிடமும் சொன்னார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்.

"இன்னா நைனா ஒளர்ற? என்னை எவன் படம் புட்சான்?"

"யாரோ புடிச்சிருக்கான். வஞ்சிரத்த தூக்கிகினு நிக்கிற."

கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். பிறகு, "அத்த எப்டி வாங்குறது?" என்றாள்.

"நீ வந்து யாரோ ஒரு மீன்காரியப் பத்திச் சொல்ற மாதிரி ஒரு கதை உடு. படத்தக் கையில குடுத்துருவாங்க. நீதான்னு மட்டும் வாயத் தொறந்துராத. சொந்தப் படம்னா தரமாட்டாங்க."

"போ நைனா. இத்தினி வருசமா மாமி வூட்ல ஓட்டிகினு கீறேன். எனக்கே கத்துக்குடுக்கிறியா நீ?"

மறுநாள் மத்தியானம் மாமி தூங்குகிற நேரத்தில் வந்தாள். எங்களுக்குள் ஒருவரையொருவர் தெரியாது என்பது ஏற்பாடு. அவள் கூடத்துக்குள் வந்து மற்ற படங்களை ஒரு சுற்றுப் பார்ப்பதாகப் பாவனை செய்து, அந்தப் படத்துக்கு எதிரில் நின்றாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அய்ய! நாந்தாம்மே இது!"

கூடம் முழுக்கக் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கையை எடுத்துப் படத்தைத் தொட்டாள். "இந்த மீனு என் வூட்டுக்காரு கொண்ணாந்தது. இம்மாம் பெருசு, தூக்கவே முடியல. அவுரு அந்தாண்ட நின்னுகினு தூக்கு தூக்குன்னு கத்துறாரு. அதான் அப்டி இளிச்சிகினு கீறேன்."

அவள் வீட்டில் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு வருஷம் கழித்துத் தன்னையே பார்த்ததில் எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

மேடம் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் திரும்ப ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்போதுதான் அக்காவுக்கு நினைப்பு வந்தது. "சரிம்மா, படத்தக் குடு. நான் கெளம்புறேன்."

"அதுதான் முடியாதே" என்றார் மேடம், உண்மையான வருத்தத்தோடு.

"என் மூஞ்சிம்மா அது."

"அதனாலதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

"மூஞ்சி உங்களோடது. ஆனா படம் இப்ப எல்லாரோடதும்" என்று மேடம் விளக்கினார்.

"அப்ப நான் வேற யாரோன்னு வச்சிக்கோயேன்."

மேடம் அப்படியே சிலிர்த்துப்போனார். "எழுதுங்க, எழுதுங்க, அப்படியே எழுதுங்க" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். எழுதினேன். 'அப்ப நான் வேற யாரோன்னு வச்சிக்கோயேன்' என்ற அட்டை படத்துக்குக் கீழே ஏறியது. அன்று மாலையே படம், வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவருக்குப் போனது. மேலே ஒரு சின்ன விளக்கு வேறு, கடைசி நாள் வரை யாருக்கும் தருவதில்லை என்று ஓர் உத்தரவு வேறு. கடைசி நாள் மாலை நீங்கள் வந்து படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மேடம் அக்காவைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அக்கா என்னைத்தான் திட்டினாள். "இன்னா எடம் நைனா அது? பொய் சொல்றவன்லாம் படத்த வாங்கிகினு போறான். நெசத்த சொன்னா கெடையாதாம்."

கடைசி நாள் மாமியைப் போகவிடாமல் செய்ய அவளாலானதைச் செய்தாள். அந்த இடத்தில் ஒரே தூசி என்றாள். படமெல்லாம் செத்தவர்களுடையதாம் என்றாள். மாமி கேட்கவில்லை. "எங்க அத்தான் ஆம்டி அது. என் கல்யாணமே அந்தக் கூடத்துலதான் நடந்தது. இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாக்க வேண்டாமா? நீயும் தூக்கை எடுத்துண்டு கூட வா."

நானும் என்னாலானதைச் செய்தேன். விளக்கை அணைத்தேன், மேடம் போட்டார். ஏணியைக் கொண்டுவந்து படத்தை மறைத்துச் சாத்தினேன். வந்தவர்கள் ஏணியும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்து அதைச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். மேடம் கொஞ்ச நேரம் ஏணியைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உழைப்பின் வரலாறுக்குப் பக்கத்துல வைங்க, அங்க இன்னும் பேசும்" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். மாமி வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிற சாஸ்திரிகளும் வந்திருந்தார். மாமி முன்னால், தூக்குப் பாத்திரங்களோடு அக்கா பின்னால். தலையைக் குனிந்தபடியே வராந்தா மேஜையில் போளியையும் சுண்டலையும் எடுத்து வைத்துவிட்டு, அக்கா அங்கேயே ஓரமாக நின்றுகொண்டாள். எல்லோரும் கையில் தட்டோடு உள்ளே வந்தார்கள். மாமியும் வந்தாள்.

வந்ததும் படத்தைப் பார்த்துவிட்டாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கீழே இருந்த அட்டையைப் படித்தாள். திரும்பி வராந்தாவைப் பார்த்தாள்.

அதே நேரத்தில் மேடமும் வராந்தாவைப் பார்த்தார். "நீங்க வந்துட்டீங்களா!" என்று ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "எல்லாரும் இங்க பாருங்க. படத்துல இருக்கறது இவங்கதான்!"

சாஸ்திரிகளின் கை போளியோடு பாதி வழியில் நின்றது. "மாமி, இவ உங்காத்துல சமைக்கறவளோன்னோ?" என்றார்.

அக்கா அசையாமல் நின்றாள். கட்டிக்கொண்டிருந்த பருத்திச் சேலையின் தலைப்பை மட்டும் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மாமி கூடத்தில் இருந்த ஒவ்வொரு தட்டையும் பார்த்தாள். திவசச் சமையல், நவராத்திரிச் சுண்டல், அமெரிக்காவுக்குப் பிள்ளைக்கு அனுப்பிய பருப்புப்பொடி எல்லாம் அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்க வேண்டும். இவள் யார் என்பதைவிட, இதுவரை எல்லோரும் என்ன சாப்பிட்டார்கள் என்பது பெரிய கேள்வி. அதைப் போட்டுச் சாப்பிடச் சொன்னது மாமி.

கண்ணாடியைக் கழற்றினாள். "சாஸ்திரிகளே, நீங்க போளியைச் சாப்டுங்கோ" என்றாள். பிறகு நேராக வந்து என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கதை எழுதறவன் நீதானே? எழுதிக்கோ."

நான் புது அட்டை எடுத்தேன்.

"இவா ரெட்டை. கும்பகோணத்துல பொறந்தா. கைக்கொழந்தையா இருக்கறச்சே தேர்க் கூட்டத்துல ஒண்ணு காணாமப் போயிடுத்து. மீன் விக்கற அம்மா ஒருத்தி எடுத்துண்டு போயி வளர்த்தா. அதுதான் படத்துல இருக்கறவ, இவ தங்கை. இவ மடப்பள்ளி ஆத்துல ஆசாரமா வளர்ந்தா. அவ தலையெழுத்து சமுத்திரக் கரையில வளர்ந்தா. இவளுக்கு இந்த விஷயமே தெரியாது. நேக்கு மட்டுந்தான் தெரியும். மனசு சங்கடப்படுவாளேன்னு சொல்லலை."

எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து புளுகியிருக்கிறார்கள். இவ்வளவு தடங்கலில்லாமல் ஒருவரும் புளுகியதில்லை. நான் எழுதி முடிக்க நேரம் கொடுத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

மேடம்தான் குழம்பினார். "ஆனா அன்னிக்கு இவங்க இங்க வந்தாங்களே. இது நான்தான்னு சொன்னாங்களே."

"அன்னிக்கு வந்தது தங்கை" என்றாள் மாமி.

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா கண் கலங்கியிருந்தாள். பயத்தில்தான். "தங்கையா? நேக்கா?" என்றாள். "நான் இந்தப் பக்கமே வந்ததில்லையேம்மா. அவ இங்க வந்துட்டுப் போனாளா? எப்படி இருக்கா? ரொம்ப இளைச்சிருக்காளோ?"

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "ஆமா. அவங்க பேசினதே வேற மாதிரி. குரல்கூட வேற. சிரிப்பு வேற." என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்த்தீங்கல்ல? வேற ஆள்தானே?"

"வேற ஆள்தான் மேடம். அவங்க பட்டினப்பாக்கம், எங்க பக்கத்துல இருக்காங்க" என்றேன்.

"எல்லாம் பூர்வ வாசனை" என்று சொல்லி சாஸ்திரிகள் இன்னொரு போளி எடுத்துக்கொண்டார்.

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கண்காட்சி முழுவதிலும் இதுபோல் ஒரு கதை வரவில்லை என்று மேடம் அழுதுகொண்டே சொன்னார். கதை கொடுத்தாயிற்று, மாமி படத்தில் இல்லாதவள், ஆக விதிப்படி படம் மாமிக்கு. மேடம் கிளிப்பிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். மாமி அதை முகம் உள்பக்கமாகத் திருப்பிக் கைப்பையில் வைத்தாள். "பாத்திரத்தை எடுத்துண்டு வா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் போகாமல் இருந்துவிடுவதா, போய் வாசலில் நின்று திட்டு வாங்குவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. போனாள். மாமி எப்போதும்போல் வாழைத்தண்டை எடுத்துக் கொடுத்து நறுக்கச் சொல்லியிருக்கிறாள். நறுக்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். பிறகு, "உன் தங்கை கையால ஒண்ணும் வாங்கிச் சாப்டாதே" என்றாளாம்.

"இல்லை மாமி."

"தலைக்குக் குளிச்சுட்டுத்தானே வந்தே?"

"ஆமாம் மாமி."

அவ்வளவுதான். வேலை தப்பியது. மாமி மனசு பெரிசு என்று நான் சொன்னதற்கு அக்கா சிரித்தாள். "மனசாவது ஒண்ணாவது. என்னைத் தொரத்துனா, இத்தினி வருசம் ஊரையே கூட்டியாந்து துன்ன வச்சதுக்கு இன்னா பதில் சொல்றது நைனா?"

ஆடி மாதம் எங்கள் குடியிருப்பில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று லீவு கேட்டாள். வழக்கமாக ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடுவாள். இந்தத் தடவை மாமி, "அது உன் தங்கை ஆத்து விசேஷமோன்னோ? உனக்கென்ன அங்க?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் கூழ் குடித்துக்கொண்டிருந்த நேரம் அக்கா மயிலாப்பூரில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் விடவில்லை. பங்களாவை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் அவருக்கு அந்த இரட்டையர் மனசைவிட்டுப் போகவில்லை. தங்கையைப் பார்க்க வேண்டும், அழைத்துக்கொண்டு போங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். போனபோது அக்கா நைட்டியும் தோளில் துண்டுமாகச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாம்மே, குந்து" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினாள்.

மேடம் ஸ்டூலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மீன் தண்ணீர் சேலையில் ஏறியதைப் பொருட்படுத்தவில்லை. "உங்க அக்காவைப் பார்த்தேன்" என்றார். "உங்களைப் பத்தி ரொம்ப விசாரிச்சாங்க."

"அவளா? விசாரிப்பா, விசாரிப்பா." அக்கா செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "மைலாப்பூர்ல பெரிய எடத்துல கீறா. எங்களையெல்லாம் மதிக்க மாட்டா. எங்க அம்மனுக்குக் கூழ் ஊத்துனோம், வந்தாளா? வரல. இந்தாண்டையே வராதவ மாரி போய்க்கினு வந்துகினு கீறா. வெளில பாத்தா நான் யாரோ, அவ யாரோ."

நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. புருஷன் போனபோது கண்ணீர் விட்டதோடு சரி, மறுவாரமே பேச்சை மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்றாள். மேடம் மூக்கை உறிஞ்சினார். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

உள்ளே கைப்பேசி அடித்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் கிடந்த போனின் திரையில் மாமியின் பெயர். அக்கா அதைப் பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்தாள்.

"அவதான் கூப்புடுறா" என்றாள்.

"அக்காவா? எடுங்க, எடுங்க!"

"மாட்டேன். அவளுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

போன் அடித்து அடித்து நின்றது. மேடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. போகும்போது அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் இருவரையும் எப்படியாவது ஓரிடத்தில் சேர்த்துவைப்பேன், அடுத்த வேலை அதுதான் என்றார்.

அவர் ஆட்டோ ஏறியதும் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். மசாலா தடவிய துண்டுகளைக் கல்லில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மாமிக்குப் போன் போட்டாள். "கூப்ட்டேளா மாமி?"

போனை அடுப்பு மேடையில் வைத்து ஒலியைக் கூட்டியிருந்ததால் எனக்கும் கேட்டது. "நாளைக்குச் சாஸ்திரிகளும் இன்னும் ரெண்டு பேரும் சாப்ட வரா. சீக்கிரம் வந்துடு. என்னடி அங்க சத்தம்?"

"அப்பளம் பொரிச்சுண்டிருக்கேன் மாமி."

மாமி போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு குரல் வந்தது. "உன் தங்கை பக்கத்துல இருக்காளா?"

அக்கா கல்லைப் பார்த்தாள். "இருக்கா மாமி."

"அவ படம் என்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லு."

"சொல்லிடறேன் மாமி."

போனை அணைத்தாள். அது ஆறுதலா மிரட்டலா என்று நான் கேட்டேன். மீன் ஒரு பக்கம் சிவந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி, "உன் படம் பத்திரமா கீதாம்மே" என்றாள்.